கல் தாங்காத எழுத்து

செலஸ்தீனாவை நான் உயிரோடு கடைசியாகப் பார்த்தபோது அவள் எங்கள் அச்சுக்கடை வாசலில் வெளிச்சத்துக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நின்றாள், அதனால் முகம் தெரியவில்லை. கையில் புதுநன்மைப் பத்திரிகைக் கட்டு, பிள்ளைகள் முதன்முதலாக நற்கருணை வாங்குகிற நாளுக்கு அடிக்கிற சின்ன அட்டைகள், அவளே கவரில் போட்டு ஒட்டியவை. கோயில் தெருவில் கொடுத்துவிட்டு அப்படியே அக்காள் வீட்டுக்குப் போய்விட்டுச் சாயங்காலம் வருவதாகச் சொன்னாள். "சோத்துல தண்ணி ஊத்திராதீய, ராத்திரிக்கு அதான்" என்றாள். சரி என்றேனா தலையை ஆட்டினேனா நினைவில்லை. இருட்டாக ஓர் உருவம், தோளில் பை, காதோரம் வெயிலில் எழும்பி நின்ற கொஞ்சம் நரைமுடி. பிறகு ஷேர் ஆட்டோவின் சத்தம். அக்காள் வீட்டில் காப்பி டம்ளரைக் கையில் வாங்கியவள் குடிக்காமலே சுவரோடு சாய்ந்துவிட்டாள் என்று மதினி, அந்த அக்காள்தான், சொன்னாள், மதினி அதைச் சொல்லும்போதெல்லாம் காப்பியில் சீனி போட்டிருந்தேனா இல்லையா என்று ஒருமுறை யோசிப்பாள், போட்டிருந்தாலும் போடாவிட்டாலும் என்ன என்று நான் கேட்பதில்லை. அதற்குப் பிறகு நான் பார்த்ததும் அவள் முகம்தான், ஆனால் அதை அப்போது அவள் வைத்துக்கொண்டிருக்கவில்லை, மற்றவர்கள் துடைத்து, தலை வாரி, வைத்திருந்தார்கள். இப்போது முகத்தைத் தேடினால் வாசலில் நின்ற அந்த இருட்டுதான் முதலில் வருகிறது. அதைத் தாண்டிப் போய்த் தேடினால் கம்மல் வருகிறது, மேலுதட்டில் வேர்வை வருகிறது, தனித்தனியாக வருகிறது, சேர்ந்து வருவதில்லை. சேர்ந்து வருவது பேர் மட்டும்தான். அந்தப் பேரைத்தான் மத்தியானச் சோறு தின்றதிலிருந்து பார்த்துக்கொண்டிருக்கிறேன்.

கம்ப்யூட்டர் திரையில் பெரிதாக நிற்கிறது. நிற்கிறது என்பது தப்பு, சாய்ந்திருக்கிறது. கொண்டல் என்று நான் பேர் வைத்த எழுத்துவகை அது, நானே வரைந்தது, இறங்கும் கோட்டில் கொஞ்சம் சதையும் ஏறும் கோட்டில் வெறும் முடியுமாக வலதுபக்கம் சாய்ந்து போகிற எழுத்து. ஃபேன் ஒரு சுற்றுக்கு ஒருமுறை டக் என்கிறது. அதை எண்ணக் கூடாது என்று நினைத்தால் எண்ணத்தான் தோன்றுகிறது. இந்தப் பேரை இன்று சாயங்காலத்துக்குள் ஸ்டிக்கராக வெட்டிக் கொம்பையாவிடம் கொடுத்தாக வேண்டும். கொம்பையா கல்கடை வைத்திருக்கிறார், கறுப்புக் கல்லில் பேர் பொறிப்பவர், செலஸ்தீனாவின் கல் அவருடைய பட்டறையில் பேரில்லாமல் சுவரோரம் நிறுத்திவைக்கப்பட்டிருக்கிறது, போன வாரம் போய்ப் பார்த்தேன், அதில் என் முழங்காலும் தெருவும் தெரிந்தன. கல்லறைத் திருநாள் வருகிறது. ஊர் முழுக்கக் கல்லறைத் தோட்டத்துக்குப் போய்ச் சுண்ணாம்பு அடித்து, பூ வைத்து, மெழுகுதிரி கொளுத்தி நிற்கும், சாமியார் வரிசை வரிசையாக வந்து தீர்த்தம் தெளிப்பார். அவளுக்கு இப்போது இருப்பது ஒரு மரச்சிலுவையும் மழையில் ஊறிப்போன ஓர் அட்டையும். அந்த அட்டையில் பேர் எப்போதோ கரைந்துவிட்டது. இன்று கொடுக்காவிட்டால் மற்றவர்களுடைய கற்களை முடித்துக்கொண்டுதான் இதற்கு வருவேன் என்று கொம்பையா சொல்லிவிட்டார், அப்படியென்றால் திருநாள் தாண்டிவிடும், அப்படியென்றால் இந்த வருஷம் அவள் பேரில்லாமல் கிடப்பாள். எந்த எழுத்தில் வெட்டுவது என்பதுதான் மிச்சம். எளிதான காரியம்தான். வேறு யாருடைய பேராக இருந்தாலும் ஒரு பீடி குடிக்கிற நேரத்தில் முடித்திருப்பேன்.

போன தடவை கொடுத்தது வீணாயிற்று. ரப்பர் மாதிரித் தடித்த ஸ்டிக்கரில் மெஷின் எழுத்தை வெட்டும், எழுத்தை மட்டும் ஊசியால் கிளப்பி எடுத்துவிட்டு மீதியைக் கல்லின் மேல் ஒட்டுவார்கள், பிறகு மணலைக் காற்றோடு பீய்ச்சி அடித்தால் மூடாத இடம் குழிந்து பேராகும். நான் கொண்டலில் கொடுத்தேன். கொம்பையா முதலில் ஒரு உடைந்த கல்லில் அடித்துப் பார்த்திருக்கிறார், நல்ல மனுஷன். ஏறுகிற கோடுகளில் மணல் இறங்கவே இல்லை. சுழிகளுக்கு உள்ளே ஒட்டியிருந்த பொடித்துண்டுகள் காற்றில் பறந்து சுழி எல்லாம் பள்ளமாகிவிட்டது. சற்று முன்பு போனில் கேட்டார், "அண்ணாச்சி, சாப்டாச்சா?" ஆச்சு என்றேன். "நம்ம சோலி?" பாத்துக்கிட்டு இருக்கேன் என்றேன். "போன தடவ மாரி நூலு நூலா குடுத்துராதீய. மணல அடிச்சதும் ஒங்க எழுத்துல பாதி ஊரவிட்டே ஓடிட்டு. எனக்கே பாவமாப் போச்சு." தடியாக்கித் தருகிறேன் என்றேன். அவர் போனை வைக்கவில்லை. தொண்டையைச் செருமுகிற சத்தம் கேட்டது. "கீழ எடம் விடணுமா அண்ணாச்சி?" "எதுக்கு?" "எதுக்குன்னா... நாளப்பின்ன..." "எனக்கா?" "ஐயே, நான் அப்பிடிச் சொல்லல. தொழில்ல பொதுவா கேக்கதுதான்." "விடும், விடும்." "எம்புட்டு விடட்டும்?" "அவ பேர விட எம்பேரு சின்னது. தொம்மை. மூணு எழுத்துக்கு என்ன வேணும்?" அவர் சிரித்துவிட்டார், பிறகு சிரித்ததற்காக இருமினார். எனக்கும் சிரிப்பு வந்தது. போனை வைத்த பிறகுதான் வந்தது, பயம் என்று சொல்ல முடியாது, அலுப்பு, கல்லில் ஓர் இடம் நமக்காகக் காலியாக வழவழவென்று காத்திருக்கப் போகிறது என்கிற அலுப்பு.

தடியாக்குவது என்பது ஒரு பொத்தான் இல்லை. பொத்தானும் இருக்கிறது, அமுக்கினால் எல்லாக் கோடும் ஒரே அளவு பெருக்கும், இறங்குவதும் ஏறுவதும் ஒன்றாகிவிடும், பிறகு அது கொண்டல் இல்லை. அதனால் புள்ளி புள்ளியாக இழுக்க வேண்டும். செ-யின் கொம்பில் முதலில் கை வைத்தேன். கொம்பு ஒரு சுழியில் தொடங்கி மேலேறி வளைந்து இறங்குகிறது, ஏறும் இடம்தான் மெல்லிசு, அங்கே கொஞ்சம் சேர்த்தேன். பிறகு ல. பிறகு ஸ், அதில் எத்தனை மடிப்பு, இந்த ஒரு எழுத்துக்காகவே அந்தக் காலத்தில் ஒரு மழைக்காலம் போனது. தூரத்தில் வைத்துப் பார்த்தேன். அவளுடைய கால் மாதிரி இருந்தது. கடைசி மாதங்களில் அவளுக்குக் கணுக்கால் வீங்கும், விரலால் அமுக்கினால் குழி விழுந்து அப்படியே நிற்கும், அவளே அமுக்கிக் காட்டிச் சிரிப்பாள், "பாருங்க, கொழுக்கட்டை மாவு" என்பாள். எழுத்து அப்படித்தான் வீங்கியிருந்தது. அழித்துவிட்டு மறுபடி தொடங்கினேன். எழுத்துக்கு வீக்கம் வரக்கூடாது என்று ஒரு மனுஷன் இப்படி மெனக்கெடுவதைப் பார்த்தால் யாரும் என்ன நினைப்பார்கள். யாரும் பார்க்கவில்லை. எதிர்க்கடையில் ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டுத் தூங்குகிறார்கள். கருவாட்டு வாடை தெருவில் ஒரு சுற்று வந்துவிட்டுப் போகிறது.

எனக்கு இதை யாரும் சொல்லித் தந்ததில்லை. உப்புக் கம்பெனிக் குடோனில் சாக்கு மேல் எழுத்து வெட்டிய தகரத்தை வைத்துக் கறுப்பு மையால் கம்பெனி பேரைத் தேய்க்கிற வேலைதான் எனக்கு முதல் எழுத்து வேலை. அந்த எழுத்துகள் குட்டையாகத் தடித்துச் சுமைதூக்கிகள் போலவே இருக்கும், எட்டத்திலிருந்து லாரிக்காரன் படிக்க வேண்டுமே. அந்த நாளில் எங்கள் சாமியாருக்கு வெளிநாட்டிலிருந்து ஒரு கிறிஸ்துமஸ் அட்டை வந்தது. உள்ளே ஆங்கிலத்தில் கையால் எழுதிய மாதிரிச் சாய்ந்த எழுத்து, ஒவ்வொரு எழுத்தும் காற்றுக்கு லேசாக இடம் கொடுத்து நிற்கிறது, எங்கே அழுத்தினான் எங்கே விட்டான் என்று கையைப் பார்க்காமலே கை தெரிகிறது. கேட்டு வாங்கி வைத்துக்கொண்டேன். ஐஸ்குச்சியின் நுனியைச் சரிவாகச் சீவி மையில் தோய்த்துத் தமிழை எழுதிப் பார்த்தேன். தமிழ் அவ்வளவு சுலபமாகச் சாயாது. ஆங்கிலத்தில் குச்சி குச்சியாக நிற்கிற எழுத்து அதிகம், சாய்த்தால் சாயும். தமிழில் எங்கே பார்த்தாலும் சுழி, சுழியைச் சாய்த்தால் உருண்டு விழப்போகிற மாதிரி ஆகும். கம்ப்யூட்டர் வந்த பிறகு நிமிர்ந்த எழுத்தை ஒரு தட்டில் சாய்த்துக்கொடுத்தார்கள், அது சாய்ந்த எழுத்து இல்லை, தள்ளிவிட்ட எழுத்து, கண்ணுள்ளவனுக்குத் தெரியும். சாய்வது என்றால் உள்ளேயிருந்து சாய வேண்டும், சுழியை முட்டை வடிவாக்க வேண்டும், புள்ளியை வட்டமாக வைக்காமல் நிப்பு ஒருமுறை தொட்டு எடுத்த மாதிரிச் சதுரத்தைத் திருப்பி வைக்க வேண்டும், கால்களை எல்லாம் ஒரே சாய்வில் கொண்டுவந்துவிட்டுப் பிறகு ஒன்றிரண்டைக் கொஞ்சம் மீறவிட வேண்டும், இல்லாவிட்டால் செத்துவிடும். எனக்கு இதெல்லாம் வருஷக்கணக்கில் தானாகத் தெரிந்தது. கொண்டல் என்று பேர் வைத்தேன், கிழக்கே கடல்மேலிருந்து ஈரமாக வருகிற காற்று, படகுப் பாய் அதிராமல் நிரம்பும் என்று கடலுக்குப் போகிறவர்கள் சொல்வார்கள். எம்பேர வைப்பீயன்னு நெனச்சேன் என்றாள் அவள். காற்றுக்கு உன் பேரா என்றேன். "ஏன், நான் போனா ஒங்களுக்குக் காத்து வராதா?" என்றாள்.

அந்த எழுத்து எங்கெங்கோ போயிற்று. ஒருவன் இன்னொருவனுக்குக் கொடுத்து, அவன் அடுத்தவனுக்குக் கொடுத்து, நான் அறியாத ஊர்களில் கல்யாண மண்டபத்து வாசலில் நல்வரவு என்று அது என்னைக் கூப்பிட்டிருக்கிறது. ஜவுளிக்கடைப் பையில், மிட்டாய் டப்பாவில், குருப்பட்ட அட்டையில், வளைகாப்புப் படத்தில் பார்த்திருக்கிறேன். அது தாங்குவது அவ்வளவுதான். நாலு வார்த்தை. மேலே ஒரு வசனம், நடுவில் மணமகன், மணமகள், அதோடு நிறுத்திக்கொள்ள வேண்டும். முகவரியை அதில் வைத்தால் ஆள் வந்து சேரமாட்டான். போன் நம்பரை வைத்தால் யாராவது தெரியாத ஆள் எடுத்துத் திட்டுவான். ஒரு டாக்டர் தன் போர்டையே அதில் வைக்கச் சொன்னார், வேண்டாம் என்று சொல்லிப் பார்த்தேன், கேட்கவில்லை. ஒரு மாதத்தில் அந்தப் படியேறிப் போட்டோ ஸ்டூடியோவா என்று கேட்டவர்கள் அதிகம். சின்னதாக்கினால் ஏறும் கோடு அச்சில் மறைந்துவிடும், தங்க ரேக்குத் தாள் ஒட்டினால் சுழி அடைத்துவிடும். செலஸ்தீனாதான் எனக்குப் புரூப் பார்ப்பாள். எட்டாவதுவரை படித்தவள், எழுத்து எழுத்தாக வாய்விட்டு வாசிப்பாள், அப்படி வாசிப்பதால்தான் பிழை தப்பாது. கொண்டல் வந்தால் மட்டும் தாளை என் பக்கம் திருப்பி வைத்துவிடுவாள். "இத நீங்களே வாசிங்க. எனக்கு இது படம் மாரி இருக்கு." படம் மாதிரி என்றால் புகழ்ச்சி என்று நான் எடுத்துக்கொள்வேன். அவள் புகழ்ச்சியாகத்தான் சொன்னாளா என்று இப்போது யோசித்தால் தெரியவில்லை.

அன்சிலா காலையில் பேசினாள். எங்கள் மகள், அபுதாபியில் ஆஸ்பத்திரியில் நர்ஸ், டியூட்டிக்குப் போகிற பஸ்ஸில் இருந்து பேசுவாள், பின்னால் யாரோ மலையாளத்தில் சிரித்துக்கொண்டிருப்பார்கள். "எப்பா, ஒங்க எழுத்துதான வைக்கீய?" என்றாள். "கல்லுக்காரரு தாங்காதுங்காரு" என்றேன். "தாங்குற மாரி செய்யுங்க. ஊர்ல உள்ள பொண்ணு மாப்பிள பேரையெல்லாம் அதுல எழுதுனீய. அம்மாவுக்கு இல்லாம அது வேற யாருக்குப்பா?" உண்மைதான் அது. நான் உருப்படியாகச் செய்த ஒன்று என்றால் அந்த எழுத்துதான், அவளோடு வாழ்ந்த வீட்டில் அவள் கவர் ஒட்டிக்கொண்டிருந்த பாயின் பக்கத்தில் உட்கார்ந்து செய்தது, கொடுப்பதற்கு என்னிடம் வேறொன்றும் இல்லை. மதினியைக் கேட்டால் வேறு மாதிரிச் சொல்வாள். கேட்காமலே சொன்னாள், "தம்பி, நமக்குத் தெரியிற மாரி பெருசா வச்சிரும். எனக்குக் கண்ணு வேற மங்கலு." மதினியின் கண்ணுக்காகக் கல்லில் எழுதுவதா என்று அன்று எரிச்சலாக வந்தது. எரிச்சல்கூட இப்போது நின்று நிலைப்பதில்லை, வந்து உட்காரும் முன் போய்விடுகிறது.

இப்படித் திரைமுன் உட்கார்ந்திருந்த நேரத்தில்தான் ஓர் அக்காளும் தம்பியும் பத்திரிகைக்கு வந்தார்கள், தம்பிக்குக் கல்யாணம், இசக்கித்துரை என்று பேர், பைக் சாவியை விரலில் சுற்றிக்கொண்டே இருந்தான். மாதிரிகளை எடுத்து வைத்தேன். அக்காள் ஒரே பார்வையில் கொண்டலைத் தொட்டாள். "இதான், இந்த ஆடி ஆடி வர்ற எழுத்து." தம்பி குனிந்து பார்த்தான். "எக்கா, இதுல எம்பேரு எனக்கே தெரியல. எவனுக்கோ கல்யாணம்னு நெனச்சி எம் பிரெண்டு ஒருத்தனும் வரமாட்டான்." "வராட்டா சாப்பாடு மிச்சம்ல." "பொண்ணு பேரப் பாரு, கோலம் போட்ட மாரி கெடக்கு." அக்காள் அவன் தோளில் ஒன்று வைத்தாள். "யாருல இத வாசிக்கப் போறா? நாமதான வீடு வீடா போவப்போறோம். எந்தம்பிக்குக் கல்யாணம், கட்டாயம் வந்துருங்கன்னு வாயால சொல்லித்தான குடுக்கப்போறோம்? அவுக தேதியப் பாத்துட்டு டிவி மேல வச்சிருவாக. அழகா இருந்தாப் போதும் அண்ணாச்சி, நீங்க போடுங்க." அவன் சிரித்துக்கொண்டே சரி என்றான். பேர்களைக் குறித்துக்கொண்டு அனுப்பினேன். பைக் கிளம்பும் சத்தத்தில் அவள் இன்னும் அவனைத் திட்டிக்கொண்டிருந்தாள். அவர்கள் போன பிறகு திரும்பி உட்கார்ந்தேன், ஆனால் திரையைப் பார்க்கவில்லை, அந்த அக்காள் சொன்னது போகாமல் சுற்றிச் சுற்றி வந்தது. இத்தனை வருஷம் அந்த எழுத்து எப்படி நடமாடியது என்று நான் யோசித்ததே இல்லை. அதை யாரும் வாசித்ததில்லை. பக்கத்தில் எப்போதும் ஓர் ஆள் நின்று சொல்லியிருக்கிறான். மண்டப வாசலில் நல்வரவு என்று இருந்தால் வாசிக்காமலே நல்வரவு என்று தெரியும். மிட்டாய் டப்பாவில் மிட்டாய்க்கடை பேர்தான் இருக்கும். தெரிந்த பேருக்குப் போடுகிற நகை மாதிரி அது. கல்லறைத் தோட்டத்தில் கல்லுக்குப் பக்கத்தில் யார் நின்று சொல்வார்கள். நான் நிற்பேன், கொஞ்ச நாள். அன்சிலா லீவில் வந்தால் நிற்பாள்.

மறுபடி உட்கார்ந்து ஒருவழியாகத் தடியாக்கி முடித்துவிட்டேன். வீக்கம் தெரியாமல் வந்துவிட்டது. தீ-யின் மேற்சுழியைக் கொஞ்சம் திறந்துவிட்டேன், சுழிகளைப் பெரிதாக்கினேன், ஸ்-இன் வாலைக் குறைத்தேன், இனி மணல் இறங்கும், பொடித்துண்டு பறக்காது, கல் தாங்கும். நன்றாக இருக்கிறது என்றுகூடச் சொல்லலாம். வெட்டு என்று ஒரு தட்டுத் தட்டினால் முடிந்தது. தட்டவில்லை. தண்ணீர் குடித்தேன். குடத்துத் தண்ணீர் உப்பாக இருந்தது, இந்த ஊரில் எல்லாம் கடைசியில் உப்பு. கல்லறைத் தோட்டத்துப் பைப்பிலும் அப்படித்தான், கைகழுவினால் பிசுபிசுக்கும், அவள் அதைச் சொல்லிச் சொல்லிச் சேலையில் துடைப்பாள். திருநாளன்று தன் அப்பா அம்மா கல்லறைக்குப் பூ வைத்து முடிந்ததும் அவள் உடனே கிளம்பமாட்டாள். பையில் மெழுகுதிரி கூடுதலாகக் கொண்டுவந்திருப்பாள். யாரும் வராத கல்லறைகளாகப் பார்த்துப் போய் நிற்பாள், குனிந்து கல்லில் உள்ள பேரைச் சத்தமாக வாசிப்பாள், ஒரு திரி கொளுத்தி வைப்பாள், ஒரு அருள் நிறைந்த மரியே சொல்வாள், அடுத்ததுக்குப் போவாள். அவள் அம்மா வீட்டுப் பழக்கம் அது. மோட்சம் போகும் வழியில் உத்தரிக்கிற ஸ்தலத்தில் கிடக்கிற ஆத்துமாக்களுக்கு யாராவது பேர் சொல்லிச் செபித்தால்தான் ஒரு படி ஏற முடியும் என்பார்கள், நமக்கு ஆள் இருக்கிறது, ஆள் இல்லாதவர்களுக்கு யார் என்பார்கள். சூசை மிக்கேல், கித்தேரியம்மாள், அவர்கள் யார் என்று அவளுக்குத் தெரியாது. தெரிந்தவர்களைக் கூப்பிடுகிற மாதிரியே கூப்பிடுவாள். நானும் மதினியும் வாசல் கேட்டுக்குப் பக்கத்தில் கால் கடுக்க நிற்போம்.

ஒரு வருஷம் ஆட்டோவில் திரும்பும்போது உம்மென்று இருந்தாள். என்ன என்றேன். "ஒரு கல்லு வாசிக்கவே வரல. நல்ல வெள்ளக் கல்லு. சாஞ்சு சாஞ்சு, ஒங்க எழுத்து மாரி, கல்யாணப் பத்திரிக கணக்கா இருந்துச்சு. குனிஞ்சு பாத்தேன், தள்ளி நின்னு பாத்தேன், ம்ஹூம்." மதினி கேட்டாள், "பின்ன என்ன செஞ்ச?" "என்ன செய்ய? விட்டுட்டு அடுத்ததுக்குப் போயிட்டேன்." "பேரு தெரியாட்டா என்னட்டீ, பொதுவா ஒண்ணு சொல்லிட்டு வரவேண்டியதுதான." "பேரில்லாம யாருக்குன்னு சொல்லுதது? வேற யாருக்காவது போய்ச் சேந்துரும்லா" என்றாள், கோபமாகவே சொன்னாள், பிறகு வழியில் மீன் நல்ல மீனாக இருந்ததைப் பார்த்து ஆட்டோவை நிறுத்தச் சொன்னாள். அதோடு அது போயிற்று. அந்தக் கல் எது என்று நான் தேடிப் பார்த்ததில்லை. அது கொண்டலாக இருக்கலாம், வேறு யாரோ வரைந்ததாகவும் இருக்கலாம், சாய்ந்ததெல்லாம் அவளுக்கு என் எழுத்துதான். ஆனால் யாரோ ஒருவர் அங்கே படுத்திருக்கிறார், மெழுகுதிரியும் கையுமாக ஒரு பொம்பிளை முன்னால் வந்து நின்று, உதட்டை அசைத்துப் பார்த்துவிட்டு, நகர்ந்து போகிறாள். இந்த மத்தியானம் முழுக்க எனக்குள் எங்கேயோ ஒரு முள் இருந்தது, அது இதுதான் போலிருக்கிறது. அவளை மாதிரிப் பொம்பிளைகள் இன்னும் இருப்பார்கள். கூடுதலாகத் திரி வாங்கி வைத்துக்கொண்டு, எட்டாவது படித்து, எழுத்து எழுத்தாக வாய்விட்டு வாசித்துக்கொண்டு. அவர்கள் செலஸ்தீனாவின் முன்னால் வந்து நிற்பார்கள். அப்போது நான் இருக்க மாட்டேன், அன்சிலா எந்த நாட்டில் இருப்பாளோ. கல் அழகாக இருக்கிறது என்று பார்த்துவிட்டு அடுத்ததுக்குப் போய்விடுவார்கள்.

அவளுக்கு நான் கொடுக்க நினைத்தது என்ன, எனக்கு நானே கொடுக்க நினைத்தது என்ன என்று பிரித்துப் பார்க்க இப்போது தெம்பில்லை. பேரை அழித்தேன். எல்லாக் கம்ப்யூட்டரிலும் இருக்கிற எழுத்தை எடுத்தேன், பஸ் போர்டிலும் ரேஷன் கடையிலும் இருக்கிற, நிமிர்ந்த, எந்த ஊர்க்காரனும் தன்னுடையது என்று சொல்லாத எழுத்து. செலஸ்தீனா என்று தட்டினேன். கண்ணாடியைக் கழற்றிவிட்டுச் சுவரோரம் போய் நின்று பார்த்தேன். தெரிந்தது. வாசித்தேன், அவள் வாசிக்கிற மாதிரி, வாய்விட்டு. கடைக்குள் அந்தப் பேர் சத்தமாகக் கேட்டு எவ்வளவு நாளாயிற்று. எதிர்க்கடை ஷட்டருக்குக் கீழே ஒரு தலை எட்டிப் பார்த்தது, யாரையும் கூப்பிடவில்லை என்று கையை ஆட்டினேன். அன்சிலாவுக்குப் போன் போட்டேன். "நிமுந்த எழுத்துதான் வைக்கேன்மா" என்றேன். அந்தப் பக்கம் ட்ராலி உருளும் சத்தம். "ஏம்ப்பா?" "வாசிக்கணும்லா." "யாரு?" "வாறவங்க." யாரோ சிஸ்டர் என்று கூப்பிட்டார்கள். "ஒங்களுக்கு வருத்தமா இல்லையாப்பா?" என்றாள். "களைப்பாத்தான் இருக்கு" என்றேன். "போயி ஒரு டீ குடிங்க" என்றாள், குரல் உடைந்த மாதிரி இருந்தது, அல்லது லைன் அப்படி.

மெஷினில் ஸ்டிக்கரை ஏற்றி வெட்டவிட்டேன். கத்தி போய்ப் போய் வந்தது. சீக்கிரம் முடிந்துவிட்டது, நிமிர்ந்த எழுத்தில் கத்திக்கு வேலை குறைவு. கீழே தொம்மைக்கு இடம் விட்டேன். ஊசியை எடுத்து எழுத்துகளை ஒவ்வொன்றாகக் கிளப்பினேன், சுழிக்குள் இருக்கிற துண்டுகள் தாளோடு நின்றுகொண்டன, ஒன்றுகூட வரவில்லை. கொம்பையாவே டிவிஎஸ் வண்டியில் வந்தார், இறங்காமல் காலை ஊன்றிக்கொண்டு தாளை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். எழுத்து இருந்த இடங்கள் வழியாக வெயில் அவர் சட்டையில் விழுந்தது. "என்ன அண்ணாச்சி, ஒங்க எழுத்த விட்டுட்டீயளா?" என்றார். "ஆமா" என்றேன். "தெளிவா இருக்கு. கண்ண மூடிக்கிட்டு அடிக்கலாம். நாளைக்கே முடிச்சிருதேன்" என்றார். சுருட்டிப் பைக்குள் வைத்து, மடங்கிவிடாமல் இருக்கிறதா என்று ஒருமுறை தொட்டுப் பார்த்துக்கொண்டு போனார். உள்ளே வந்து உட்கார்ந்தேன். தாளில் இருந்து நான் கிளப்பி எடுத்த எழுத்துகள், செ, ல, ஸ், தீ, னா, பசைப் பக்கம் மேலே தெரிய மேசையில் சுருண்டு கிடக்கின்றன.